மறதிநோயைத் தடுக்கச் செயலி மட்டும் போதுமா?

சிங்கப்பூரின் வீடமைப்புப் பேட்டைகளில் காலைநேரத்தில் கைப்பட்டை அணிந்து விறுவிறுவென்று நடக்கும் முதியவர்களைக் காண்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்கள் எடுத்துவைக்கும் அடிகள் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'ஹெல்த்தி 365' செயலியில் பதிவாகின்றன. அடிகள் கூடக்கூடப் புள்ளிகள் சேர்கின்றன. சேர்ந்த புள்ளிகளைப் பற்றுச்சீட்டுகளாக மாற்றிக்கொள்ளலாம். நடப்பதற்கும் பரிசா என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால், இந்த நடையால் பயன்பெறுவன கால்கள் மட்டுமல்ல. நடைப்பயிற்சி இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் காக்கிறது. அவை நலமாக இருந்தால் மூளையும் நலமாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

மூளைநலம் இன்று பெரிதும் பேசப்படுவதற்கு முக்கியக் காரணம் முதுமைக்கால மறதிநோய். வயதானால் எல்லாருக்கும் வரும் சாதாரண மறதி வேறு, இந்த நோய் வேறு. மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது யாருக்கும் நேரும். ஆனால், நாற்பது ஆண்டுகளாகச் சமைத்துவந்த குழம்பை எப்படிச் செய்வது என்று தெரியாமல் அடுப்படியில் திகைத்து நிற்பதும், நாள்தோறும் இறங்கும் பேருந்து நிறுத்தம் முன்பின் தெரியாத இடமாகத் தோன்றுவதும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். மூளையின் உயிரணுக்கள் சேதமடைவதால் நினைவாற்றலோடு சிந்தனை, பேச்சு, நடத்தை ஆகியவையும் படிப்படியாகக் குன்றுகின்றன. மறதிநோயில் பல வகைகள் உண்டு. அவற்றுள் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 57 மில்லியன் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தார்கள். சிங்கப்பூரில் மனநலக் கழகம் நடத்திய ஆய்வு, 60 வயதும் அதற்கு மேற்பட்டோரில் 2013ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்ததாகத் தெரிவித்தது. பத்து ஆண்டுகள் கழித்து அந்த விகிதம் 8.8 விழுக்காடாகக் குறைந்தது. இது நல்ல செய்திதான். ஆயினும், முதியோரின் தொகை வேகமாகப் பெருகிவருவதால், விகிதம் குறைந்தும் நோயாளிகளின் எண்ணிக்கை கூடியே இருக்கிறது.

இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆகவே, வாழ்க்கைமுறையை மாற்றி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமா என்பதில் மருத்துவ உலகம் கவனம் செலுத்துகிறது. அந்த மாற்றத்திற்குத் துணைசெய்யச் செயலிகள், இணையவழிப் பயிற்சிகள், உடலில் அணியும் கருவிகள் எனப் பல மின்னிலக்கச் சேவைகள் வந்துள்ளன. இவை பயனுள்ளவை, பெருக வேண்டியவை. ஆனால், இவற்றை மட்டும் நம்பி மனிதத் துணையைக் குறைத்துக்கொண்டால், உதவி மிகவும் தேவைப்படுவோரே கைவிடப்படுவார்கள். மின்னிலக்கச் சேவையும் மனிதத் துணையும் சேர்ந்தே செல்ல வேண்டும் என்பதற்குத் தக்க காரணங்கள் உள்ளன.

எதை மாற்ற முடியும்?

மறதிநோயைப் பற்றி ஆராய 'தி லான்செட்' மருத்துவ இதழ் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. மனிதரால் மாற்றக்கூடிய ஒன்பது காரணிகள் இந்நோயோடு தொடர்புடையவை என்று அக்குழு 2017ஆம் ஆண்டில் கூறியது. 2020ஆம் ஆண்டில் அந்தப் பட்டியல் 12 ஆகவும், 2024ஆம் ஆண்டில் 14 ஆகவும் நீண்டது. இளம்வயதில் போதிய கல்வி பெறாமை முதல் காரணி. செவித்திறன் இழப்பு, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், புகைபிடித்தல், மிதமிஞ்சிய மதுப்பழக்கம், உடலுழைப்பு இன்மை, மனச்சோர்வு, தலையில் ஏற்படும் பலத்த காயம் ஆகியவை நடுத்தர வயதில் கவனிக்க வேண்டியவை. தனிமை, காற்றுத் தூய்மைக்கேடு, சரிசெய்யப்படாத பார்வைக் குறைபாடு ஆகிய மூன்றும் முதுமையில் சேர்ந்துகொள்கின்றன.

இந்த 14 காரணிகளையும் அறவே நீக்க முடிந்தால், உலகில் ஏற்படும் மறதிநோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று குழு மதிப்பிட்டது. இந்த எண்ணைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருவர் நாள்தோறும் நடந்தால் அவருக்கு நோய் வரும் வாய்ப்பு 45 விழுக்காடு குறையும் என்பது இதன் பொருளன்று. இது ஒட்டுமொத்த மக்கள்தொகையைப் பற்றிய மதிப்பீடு. தனியொருவருக்கு நோய் வருமா வராதா என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது. மேலும், மீதமுள்ள பாதிக்கும் மேலான பங்கு இப்பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. முதுமையும் மரபணுவும் எவர் கட்டுப்பாட்டிலும் இல்லை.

இப்பட்டியல் உணர்த்தும் மற்றோர் உண்மையும் உண்டு. மூளையில் ஏற்படும் மாற்றங்கள், நோயின் அறிகுறிகள் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. எனவே, தடுப்புமுயற்சி எழுபது வயதில் தொடங்க வேண்டியதன்று. 40 வயதிலிருந்தே ரத்த அழுத்தத்தின் மேல் அளவை 130 அல்லது அதற்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று நிபுணர் குழு பரிந்துரைக்கிறது. அந்த வயதில்தான் மனிதர்கள் வேலை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மறதிநோய் அவர்களுக்குத் தொலைதூரத்து விவகாரமாகத் தெரிகிறது.

சிங்கப்பூர் இந்தியச் சமூகத்திற்கு இச்செய்தி கூடுதல் முக்கியத்துவம் உடையது. சீனர்களோடு ஒப்பிடும்போது இந்தியர், மலாய்க்காரர் ஆகியோரிடையே நீரிழிவு அதிகம் காணப்படுகிறது. சுகாதார அமைச்சு 2016ஆம் ஆண்டில் 'நீரிழிவுக்கு எதிரான போர்' என்று அறிவித்தபோது, கண்பார்வை இழப்பு, சிறுநீரகக் கோளாறு, கால் துண்டிப்பு ஆகியவையே பெரும்பாலோர் மனத்தில் வந்திருக்கும். அதே சர்க்கரை மூளையையும் பாதிக்கும் என்பது குடும்பங்களில் இன்னும் போதிய அளவு பேசப்படுவதில்லை.

மின்னிலக்கச் சேவையின் வலிமை

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால், வாழ்க்கைமுறை மாற்றம் என்னும் அணையை ஒரே நாளில் கட்டிவிட முடியாது. அதை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கட்ட வேண்டும். மின்னிலக்கச் சேவையின் பயன் இங்குதான் தெரிகிறது.

ஒருவர் தம் குடும்ப மருத்துவரை ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு முறை சந்திக்கலாம். ஒவ்வொரு சந்திப்பும் சில நிமிடங்களே நீடிக்கும். மற்ற நாள்களில் அவர் என்ன உண்கிறார், எவ்வளவு நடக்கிறார், மாத்திரையை நேரத்திற்குச் சாப்பிடுகிறாரா என்பவற்றை மருத்துவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. திறன்பேசியோ எந்நேரமும் உடன் இருக்கிறது. மாத்திரை நேரத்தை நினைவூட்டவும், வீட்டில் அளந்த ரத்த அழுத்தத்தைப் பதிவுசெய்யவும், கடந்த மாதத்தைவிட இந்த மாதம் நடை குறைந்திருப்பதைக் காட்டவும் அதனால் முடியும். மழைநாளில் வெளியே செல்ல முடியாதவருக்கு வரவேற்பறையிலேயே உடற்பயிற்சி வகுப்பைக் கொண்டுவந்து சேர்க்கவும் முடியும்.

செலவையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் உணவியல் வல்லுநரையும் உடற்பயிற்சி ஆசிரியரையும் நியமிப்பது எந்த நாட்டுக்கும் இயலாத செயல். ஒரு முறை உருவாக்கிய செயலியை இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தலாம். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேற்பட்டோரும் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டு, தங்களுக்கேற்ற சுகாதாரத் திட்டத்தை வகுத்துக்கொள்ளலாம். இத்தகைய பெரிய திட்டத்தை மின்னிலக்க வசதி இன்றி நடத்துவது கடினம்.

நடுத்தர வயதினருக்கு இச்சேவை இன்னும் பொருத்தமானது. மருந்தகத்திற்குச் செல்ல நேரமில்லை என்று கூறும் அவர்கள், ரயிலில் பயணம் செய்யும் நேரத்தைத் திறன்பேசியில்தான் கழிக்கிறார்கள். அவர்களை எட்டுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

வாழ்க்கைமுறை மாற்றத்தால் மூளைக்கு நன்மை உண்டு என்பதற்குப் பின்லாந்தில் நடந்த 'ஃபிங்கர்' ஆய்வு வலுவான சான்றாக விளங்குகிறது. மறதிநோய் வரும் வாய்ப்பு சற்று அதிகமாக இருந்த, 60 முதல் 77 வயதுக்கு உட்பட்ட 1,260 பேர் அதில் பங்கேற்றார்கள். அவர்களில் ஒரு பாதியினருக்குச் சத்துணவு ஆலோசனை, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றின் தொடர் கண்காணிப்பு ஆகிய நான்கும் சேர்த்து அளிக்கப்பட்டன. மறு பாதியினர் வழக்கமான சுகாதார ஆலோசனை மட்டும் பெற்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, நான்கையும் பெற்றவர்களின் அறிதிறன் மற்றவர்களின் அறிதிறனைக் காட்டிலும் கூடுதலாக மேம்பட்டிருந்தது. 2015ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியான பிறகு பல நாடுகள் இதே வழியைப் பின்பற்றின. சிங்கப்பூரின் 'சிங்கர்' ஆய்வும் அவற்றுள் ஒன்று.

இதே உதவியைத் திரைவழியே கொடுத்தால் பலன் கிட்டுமா? நெதர்லாந்து, பின்லாந்து, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளில் 65 வயதும் அதற்கு மேற்பட்டோருமான 2,700க்கும் அதிகமானோரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. இணையத்தளத்தோடு தொலைவிலிருந்து ஊக்கமளிக்கும் பயிற்றுநரும் அவர்களுக்குக் கிடைத்தார். பதினெட்டு மாதங்களில் இதயநோய் வருவதற்கான காரணிகள் சற்றே குறைந்தன. பலன் கிடைத்தது, ஆனால் அது சிறிய பலனே.

ஆஸ்திரேலியாவில் 55 முதல் 77 வயதுக்கு உட்பட்ட 6,000க்கும் மேற்பட்டோர் மூன்றாண்டு ஆய்வில் கலந்துகொண்டார்கள். உடற்பயிற்சி, உணவு, மூளைப்பயிற்சி, மனநலம் ஆகியவற்றுக்கான பாடங்கள் முழுவதும் இணையத்திலேயே வழங்கப்பட்டன. பொதுவான தகவல்களை மட்டும் பெற்றவர்களைவிட, தங்களுக்கேற்ற பயிற்சிகளைப் பெற்றவர்களின் அறிதிறன் நன்றாக மேம்பட்டது. இந்த முடிவு 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. செயலியாலும் இணையத்தாலும் பயனில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

ஆயினும், அதே ஆண்டில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் 60 முதல் 79 வயதுக்கு உட்பட்ட 2,111 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு குழுவினருக்கும் உணவு, உடற்பயிற்சி, சமூகத் தொடர்பு ஆகியவற்றில் மாற்றம் செய்யுமாறு ஊக்கம் அளிக்கப்பட்டது. ஒரு குழு, வழிநடத்துநர் ஒருவரின் தலைமையில் இரண்டு ஆண்டுகளில் 38 முறை ஒன்றுகூடியது. மற்றொரு குழு ஆறு முறை மட்டுமே கூடியது. அதில் இருந்தவர்கள் தங்கள் திட்டத்தைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். இரு குழுக்களும் முன்னேறின. ஆனால், அடிக்கடி கூடியும் நெருங்கிய வழிகாட்டுதலோடும் பயிற்சிபெற்ற குழுவின் முன்னேற்றமே அதிகம். என்ன செய்ய வேண்டும் என்ற அறிவு இரு குழுக்களிடமும் இருந்தது. ஒரு குழுவிடம் மட்டும், செய்தாயா என்று தொடர்ந்து கேட்க ஆள் இருந்தது.

இந்த ஆய்வுகள் அறிதிறனையும் நோய்க்கான காரணிகளையும்தான் அளந்தன. பங்கேற்றவர்கள் பிற்காலத்தில் மறதிநோயிலிருந்து முற்றிலும் தப்பினார்களா என்பது வேறு கேள்வி. சில ஆண்டு ஆய்வை வைத்து அதற்கு விடை கூற இயலாது. ஆகவே, 'எங்கள் செயலி மறதிநோயைத் தடுக்கும்' என்று உறுதியளிக்கும் விளம்பரங்களை ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.

யாரைச் சென்றடைகிறது?

மின்னிலக்கச் சேவையின் பெரிய குறைபாடு அதன் தொழில்நுட்பத்தில் இல்லை. அது யாரைச் சென்றடைகிறது என்பதில் இருக்கிறது. முன்னர்க் குறிப்பிட்ட காரணிகளின் பட்டியலை மீண்டும் ஒருமுறை பார்த்தால் இது விளங்கும்.

போதிய கல்வி பெறாதவருக்கு நோய் வரும் வாய்ப்பு அதிகம். அவரால்தான் செயலியில் உள்ள அறிவுறுத்தல்களைப் படித்துப் புரிந்துகொள்ள முடிவதில்லை. பார்வை குன்றியவருக்கு வாய்ப்பு அதிகம். அவருக்குத்தான் திரையில் உள்ள சிறிய எழுத்துகள் தெரிவதில்லை. செவித்திறன் குறைந்தவருக்குப் பயிற்சிக் காணொளியில் பேசுவது கேட்பதில்லை. தனிமையில் வாடுபவருக்குச் செயலியைப் பதிவிறக்கிக் கொடுக்கவும், கடவுச்சொல் மறந்துபோனால் உதவவும் வீட்டில் ஆள் இல்லை. யாருக்குச் சேவை மிகவும் தேவையோ, அவருக்கே அது எட்டாக்கனியாக இருக்கிறது. ஏற்கெனவே நன்றாக நடந்து, அளவாக உண்டு, மருத்துவரைத் தவறாமல் காண்பவர்தான் செயலியையும் விரும்பிப் பயன்படுத்துகிறார். ஆஸ்திரேலிய ஆய்வில் சேர்ந்தவர்களும் கணினியும் இணையமும் கைவசம் இருந்தவர்களே.

அச்சமும் ஒரு தடையாகிறது. முன்பின் தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று முதியவர்கள் ஓயாமல் எச்சரிக்கப்படுகிறார்கள். மோசடிகள் மலிந்த இக்காலத்தில் அந்த எச்சரிக்கை மிகவும் தேவை. ஆனால், அதே முதியவருக்கு ஒரு நாள் சுகாதாரப் பரிசோதனைக்கான குறுஞ்செய்தி வந்தால், அவர் அதை நம்புவாரா? அரசாங்க அமைப்புகள் ஒரே அனுப்புநர் பெயரில் குறுஞ்செய்தி அனுப்பும் முறை 2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் நடப்புக்கு வந்தது. இது ஐயத்தைக் குறைக்கும். இருந்தாலும், 'இது உண்மையான செய்திதான்' என்று அருகிலிருந்து ஒருவர் சொல்லும்போது பிறக்கும் நம்பிக்கையைத் திரையால் தர இயலாது.

மொழியும் பண்பாடும் அடுத்த தடை. ஒரு சேவையைத் தமிழில் மொழிபெயர்த்தால் மட்டும் அது தமிழருக்கு உரியதாகிவிடாது. ரொட்டித் துண்டையும் பாஸ்தாவையும் கணக்கிடத் தெரிந்த செயலிக்கு, இரண்டு தோசையோடு ஒரு கரண்டி சாம்பாரும் தேங்காய்ச் சட்டினியும் எவ்வளவு என்று தெரிய வேண்டும். உணவங்காடி நிலையத்தில் 'தே தாரே'க்குப் பதிலாகச் சர்க்கரை இல்லாத 'தே ஓ கோசோங்' கேட்கலாம் என்று சொல்லத் தெரிய வேண்டும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வீட்டுக்கு வீடு பகிரப்படும்போது, 'இனிப்பை அறவே தவிர்க்கவும்' என்ற ஒற்றை வரி எவருக்கும் உதவாது. அதிரசத்தில் பாதியை உண்டுவிட்டு மாலையில் கூடுதலாக ஒரு சுற்று நடக்கலாம் என்பது உதவும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று முன்னோர் சொன்னது செயலிக்கும் பொருந்தும்.

இன்னும் பத்து ஆண்டுகளில் முதியோர் ஆகப்போகிறவர்கள் திறன்பேசியில் கைதேர்ந்தவர்கள். அப்போது இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், இப்போது எழுபது வயதில் இருப்பவர்களால் பத்து ஆண்டுகள் காத்திருக்க முடியாது. தொழில்நுட்பமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இன்று கைதேர்ந்தவர் நாளைய கருவியின்முன் தடுமாறலாம். அதுமட்டுமன்று, கருவியைப் பயன்படுத்தத் தெரிவதும் பழக்கத்தை மாற்றிக்கொள்வதும் வெவ்வேறு திறன்கள். திறன்பேசியில் எதையும் செய்யத் தெரிந்த இளையர்களே உடற்பயிற்சிச் செயலி ஒன்றைப் பதிவிறக்கி, இரண்டே வாரத்தில் மறந்துவிடுவதில்லையா?

விழிப்பாக இருக்க வேண்டிய இடங்கள்

மூளைக்குப் பயிற்சி தருவதாகக் கூறும் விளையாட்டுச் செயலிகள் சந்தையில் குவிந்துள்ளன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்றை நடத்திய நிறுவனம், தன் விளையாட்டுகள் முதுமையில் ஏற்படும் நினைவிழப்பைத் தடுக்கும் என்ற வகையில் விளம்பரம் செய்தது. போதிய சான்று இல்லாமல் அவ்வாறு கூறியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2016ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 2 மில்லியன் டாலர் செலுத்த இணங்கியது. ஒரு விளையாட்டை நாள்தோறும் ஆடினால் அந்த விளையாட்டில் திறமை கூடும். அதனாலேயே மறதிநோய் வராது என்று முடிவுகட்ட முடியாது. பின்லாந்து ஆய்விலும் மூளைப்பயிற்சி தனித்து நிற்கவில்லை. உணவு, உடற்பயிற்சி, மருத்துவக் கண்காணிப்பு ஆகியவற்றோடு சேர்ந்தே பலன் தந்தது.

தனிப்பட்ட தகவல்களின் பாதுகாப்பும் கவனத்திற்குரியது. 2018ஆம் ஆண்டில் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பு இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, 1.5 மில்லியன் நோயாளிகளின் சொந்த விவரங்கள் களவாடப்பட்டன. ஒருவரின் நடை, உறக்கம், ரத்த அழுத்தம், நினைவாற்றல் சோதனையின் முடிவு ஆகிய அனைத்தும் ஓரிடத்தில் சேரும்போது, அதற்குரிய பாதுகாப்பும் வலுவாக இருந்தாக வேண்டும். அந்த விவரங்களை யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம் என்பது முதியவருக்குப் புரியும் எளிய மொழியில் சொல்லப்பட வேண்டும். பத்துப் பக்கச் சட்டமொழியின் அடியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை வைத்துவிட்டால், அது உண்மையான ஒப்புதல் ஆகாது.

இவற்றைவிட நுட்பமான ஆபத்து ஒன்றும் உண்டு. 'மறதிநோயைத் தடுக்கலாம்' என்ற செய்தி பரவப் பரவ, 'உனக்கு நோய் வந்ததற்கு நீதான் காரணம்' என்ற பழியும் அதன் நிழலாகப் பின்தொடரக்கூடும். வாழ்நாள் முழுவதும் அளவாக உண்டு, நாள்தோறும் நடந்து, ஊராரோடு கலந்து பழகியவருக்கும் இந்நோய் வருகிறது. அவரது நடையின் எண்ணிக்கை குறைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று கருதுவது அறிவியலுக்கு மாறானது, மனிதநேயத்திற்கும் மாறானது. பட்டியலில் உள்ள காரணிகள் பலவும் தனிமனிதரின் விருப்பத்தைச் சார்ந்தவையல்ல. பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில் குடும்பத்திற்காக வேலைக்குச் சென்ற பாட்டியிடம் 'ஏன் படிக்கவில்லை?' என்று கேட்க முடியுமா? காற்றின் தூய்மையை ஒருவர் மட்டும் மாற்ற முடியுமா? தடுப்பு என்பது சமூகம் சேர்ந்து தூக்க வேண்டிய சுமை. அதை ஒருவரது கையில் உள்ள திறன்பேசியின்மேல் இறக்கிவைப்பது நியாயமன்று.

செய்ய வேண்டியவை

மின்னிலக்கச் சேவைகளைக் கைவிட வேண்டும் என்பது இதன் முடிவன்று. அவற்றை வடிவமைக்கும் முறையும் அளக்கும் முறையும் மாற வேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு சேவையோடும் ஒரு மனிதர் இணைக்கப்பட வேண்டும். சிங்கப்பூரில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உள்ளது. துடிப்புடன் மூப்படையும் நிலையங்கள் அக்கம்பக்கத்திலேயே செயல்படுகின்றன. 2020ஆம் ஆண்டிலிருந்து மின்னிலக்கத் தூதர்கள் முதியவர்களுக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தக் கற்றுத்தருகிறார்கள். செயலியைப் பதிவிறக்கிக் கொடுப்பதோடு அவர்கள் பணி முடிந்துவிடக் கூடாது. மூன்று மாதம் கழித்தும் அந்த முதியவர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று விசாரிக்கவும், நிலையத்தின் நடைக்குழுவில் அவரைச் சேர்த்துவிடவும் ஏற்பாடு தேவை. நடைக்குழு தனிமையையும் போக்கும். ஒரே முயற்சியில் இரண்டு காரணிகள் குறையும்.

இரண்டாவதாக, எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதை வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. ஓராண்டுக்குப் பிறகு எத்தனை பேரின் ரத்த அழுத்தம் குறைந்தது, எத்தனை பேர் செவித்திறன் கருவியைப் பெற்று உண்மையில் அணிகிறார்கள், வாடகை வீட்டில் தனியாக வசிப்போரில் எத்தனை பேரைச் சேவை எட்டியது என்பவையே அளக்கப்பட வேண்டியவை.

மூன்றாவதாக, திறன்பேசி இல்லாதவருக்கும் வேண்டாதவருக்கும் இணையான வழி இருக்க வேண்டும். தொலைபேசி அழைப்பு, அச்சிட்ட நாள்காட்டி, நேரில் பேசும் தாதி ஆகியவை பழைய முறைகள் என்பதாலேயே பயனற்றவை ஆகிவிடா.

நான்காவதாக, நடுத்தர வயதினரை இலக்காகக் கொண்ட சேவைகள் பெருக வேண்டும். தாத்தா பாட்டிக்குச் செயலி பதிவிறக்கித் தரும் நாற்பது வயதுப் பெற்றோர், தங்கள் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று எண்ணிப்பார்ப்பது நல்லது. வேலையிடங்களும் இதில் பங்கேற்கலாம்.

மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர்கள் பள்ளியில் செலவிடும் ஆண்டுகளே பிற்காலத்தில் மூளைக்கு வலுச்சேர்க்கும் சேமிப்பாகின்றன. காதொலிக் கருவியில் சத்தத்தை அளவோடு வைப்பதும், மிதிவண்டி ஓட்டும்போது தலைக்கவசம் அணிவதும் அவர்களது மூளைக்கு அவர்களே செய்துகொள்ளும் காப்பு. வீட்டில் உள்ள மூத்தோருக்கு அவர்களால் ஆகக்கூடியதும் நிறைய உண்டு. செயலியை ஒருமுறை காட்டிவிட்டு, "அவ்வளவுதான் பாட்டி, சுலபம்!" என்று சொல்லிவிட்டு நகர்வது உதவியாகாது. எழுத்தைப் பெரிதாக்கித் தருவது, அதே கேள்வியை நான்காவது முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்வது, வாரத்தில் இரண்டு மாலைகளாவது அவரோடு பேசிக்கொண்டே கீழ்த்தளத்தைச் சுற்றி நடப்பது ஆகியவையே உதவி. உடற்பயிற்சியும் உரையாடலும் ஒருசேரக் கிடைக்கும் அந்த அரைமணி நேரத்தைச் செயலி அடிகளாக மட்டுமே பதிவுசெய்யும். பாட்டிக்கு அது அதைவிடப் பெரியது.

புதிய மின்னிலக்கச் சுகாதாரச் சேவை ஒன்று அறிமுகமாகும் ஒவ்வொரு முறையும், அதில் என்னென்ன வசதிகள் உள்ளன என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: எழுதப்படிக்கத் தெரியாமல், காது மந்தமாகி, மூவறை வீட்டில் தனியாக வாழும் ஒரு மூதாட்டியிடம் இது எப்படிப் போய்ச் சேரும்? அதற்குத் தெளிவான விடை தரும் சேவைக்கே பொதுமக்களின் பணமும் நம்பிக்கையும் முதலில் சென்றுசேர வேண்டும்.